எண்ணெய் எந்த வழியா போகுது, பாஸ்?

பரீட்சைக்கு வர்ற பாடத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் உயிரைக் கொடுத்துப் படிக்கிற கூட்டம்தானே நாம? அதனால இந்த வாரம் ஒரு குட்டி குவிஸ். ஆயில் ஃபில்டர்னு ஒரு சமாசாரமே இல்லாம, பல பத்து வருஷம் உலகம் பூரா சுத்தி வந்த கார் எது?

ஃபோக்ஸ்வாகன் பீட்டில்! முதுகை வளைச்சுக்கிட்டு, ரெண்டு கண்ணையும் உருட்டி முழிச்சுக்கிட்டு, 'ஹெர்பி' படத்துல 53-ம் நம்பர் போட்டுக்கிட்டு சேட்டை பண்ணுமே, அதே வண்டுதான். மொத்தம் 2,15,29,464 வண்டி செஞ்சு தள்ளினாங்க. கடைசி வண்டி 2003 ஜூலை 30-ம் தேதி மெக்சிகோவோட பியூப்ளா தொழிற்சாலையில இருந்து வெளியே வந்துச்சு.

இன்னிக்கு ரோட்டுல ஓடுற எந்த பெட்ரோல் காரோட பானெட்டைத் திறந்தாலும் ஆயில் ஃபில்டர் ஒண்ணு எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். பீட்டில்ல பானெட்டைத் திறந்தா ஸ்டெப்னிதான் இருக்கும். இன்ஜின் டிக்கியில! அந்த இன்ஜினுக்கு அடியில, ஆயில் தேங்குற இடத்துல, வட்டமா ஒரு கம்பி வலை. டீ வடிகட்டிக்குப் பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. அவ்வளவுதான் பாதுகாப்பு. கழண்டு விழுந்த வாஷரைப் பிடிக்கும், உடைஞ்ச துண்டைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசு? 'வாங்க சார், போங்க சார்'னு வழிவிட்டுடும்.

ஜெர்மன்காரங்க என்ன மாங்கா மடையர்களா? இல்லவே இல்ல. அவங்க போட்ட கணக்கு வேற. மொத்தம் இரண்டரை லிட்டர் ஆயில்தான். 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எல்லாத்தையும் கொட்டிட்டு, அந்த வலையையும் கழட்டிக் கழுவிட்டுப் புதுசு ஊத்து. அழுக்கு சேர்றதுக்குள்ள அழுக்கோட சேர்த்து ஆயிலையே வெளியேத்திடு. ஃபில்டர் செலவு மிச்சம், இன்ஜின் எடை மிச்சம். சொன்ன தேதிக்கு ஒழுங்கா ஆயில் மாத்தினவங்க வண்டி நல்லாவே ஓடுச்சு.

ஆனா பேரிங் கணக்கையும் பார்க்கணும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்குற சந்து, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குக்கும் கீழே. நம்ம தலைமுடி தடிமன்தான் இருக்கும். அந்தச் சந்துல ஆயில் ஒரு படலமா நின்னு ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்குது. இரும்போட இரும்பு உரசாம இருக்குறதுக்கு அந்தப் படலம் மட்டும்தான் காரணம். அதுக்குள்ள ஒரு மணல் துணுக்கு புகுந்தா, மெத்துனு இருக்குற பேரிங் உலோகத்துல கோடு கிழிச்சுடும். இப்ப வர்ற காகித ஃபில்டருங்க இருபது முப்பது மைக்ரான் அளவுத் துணுக்குல பெரும்பகுதியைப் பிடிச்சு வெச்சுக்கும். கம்பி வலையால அது முடியாது.

சரி, இதெல்லாம் எதுக்கு இப்போ? நான் இந்த செமஸ்டர்ல பாதி சனி, ஞாயிறை ஒரு பீட்டில் பக்கத்துலதான் கழிச்சேன். கோயம்புத்தூர்ல எங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட 1971 மாடல் ஒண்ணு இருக்கு. 1584 சிசி. சும்மா இருப்பாரா மனுஷன்? 85.5 மில்லிமீட்டர் பிஸ்டனைக் கழட்டிட்டு 87 மில்லிமீட்டர் போட்டுட்டார். ஸ்ட்ரோக் அதே 69. நாலு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, 1641 சிசி வரும். கூடவே ரெண்டு கார்புரேட்டர், சீறுற சைலன்சர். வேகம் கூடுது, சூடு கூடுது, பேரிங் மேல பாரம் கூடுது. 'இத்தனையும் பண்ணிட்டு இன்னும் டீ வடிகட்டியை நம்பினா எப்படிடா?'னு அண்ணனே கேட்டுக்கிட்டார். அப்படித்தான் ஆரம்பிச்சது இந்த 'ரிமோட் ஆயில் ஃபில்டர்' புராணம்.

(ரிமோட்னதும் சோபாவுல படுத்துக்கிட்டே ஆயில் மாத்தலாம்னு கனவு காணாதீங்க. 'தள்ளி வெச்ச' ஃபில்டர். அவ்வளவுதான் அர்த்தம்.)

ஏன் தள்ளி வெக்கணும்? பீட்டில் இன்ஜினை வடிவமைச்சப்போ ஃபில்டருக்குன்னு இடமே விடலை. ஆயில் பம்ப் இருக்குற மூஞ்சியில கிராங்க் புல்லி, ஃபேன் பெல்ட், தகடு, சைலன்சர்னு தீபாவளி தி.நகர் மாதிரி நெரிசல். அதனால ஆயிலை ஒரு ஹோஸ் வழியா வெளியே கொண்டுபோய், தள்ளி இருக்குற ஃபில்டர்ல வடிச்சு, இன்னொரு ஹோஸ் வழியா திருப்பி இன்ஜினுக்குள்ள அனுப்பணும். கேட்க ஈஸி. ஆனா வேலை முழுக்க அந்த 'வெளியே', 'உள்ளே'ங்கிற ரெண்டு வார்த்தையிலதான் இருக்கு.

இந்த வித்தைக்குத் தாய்வீடு கலிஃபோர்னியா. 1960-கள்ல அங்க பசங்க பீட்டில் இன்ஜினைப் பிரிச்சு மேய ஆரம்பிச்சாங்க. ரிவர்சைடுங்கிற ஊர்ல ஃபோக்ஸ்வாகன் டீலரா இருந்த ஜோ விட்டோன், 'எம்பி'ங்கிற பேர்ல ஸ்பெஷல் பார்ட்ஸ் விக்க ஆரம்பிச்சார். இந்த இன்ஜினை வெச்சே மணல்மேட்டுல ஓடுற பக்கி எல்லாம் வந்துச்சு. 1967-ல மெக்சிகோவோட பாஹா பாலைவனத்துல நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்துல ஜெயிச்சதே 'மேயர்ஸ் மேங்க்ஸ்'ங்கிற பீட்டில் இன்ஜின் பக்கிதான். பாலைவனத் தூசுல ஓட்டுறவனுக்குக் கம்பி வலை எத்தனை நாளைக்குப் பத்தும்? தெரு வண்டி, டிராக் வண்டி, மணல் வண்டினு எல்லாத்துலயும் ஃபில்டர் வந்து ஒட்டிக்கிச்சு. கடைசியில கம்பெனியே இறங்கி வந்துச்சு. மெக்சிகோவுல 1990-கள்ல வந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் பீட்டில்ல, திருகி மாட்டுற ஆயில் ஃபில்டரைக் கம்பெனியே கொடுத்துச்சு!

இப்ப நம்ம கோயம்புத்தூர் ஷெட்டுக்கு வருவோம். ஃபில்டர் மாட்ட ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, சோம்பேறி வழி. (திட்டலை, பாராட்டுறேன்.) ஆயில் பம்ப் மேல இருக்குற மூடியைக் கழட்டிட்டு, ரெண்டு வாய் வெச்ச ஸ்பெஷல் மூடியும் அதுக்குப் பொருத்தமான பம்ப்பும் போடுறது. ஒரு வாய்ல ஆயில் வெளியே போகும், இன்னொரு வாய்ல உள்ளே வரும். இன்ஜின்ல எங்கேயும் ஓட்டை போட வேண்டாம். நாளைக்கே பழைய பம்ப்பைத் திருப்பி மாட்டிட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி நிக்கும். குறை என்னன்னா, அந்தக் குட்டி மூடிக்குள்ளயே போற வழி, வர்ற வழி ரெண்டையும் திணிக்கிறதால பாதை குறுகிடுது.

ரெண்டாவது வழிதான் முழு வழி. பம்ப்பில இருந்து இன்ஜினுக்குள்ள போற பழைய வாசலை அடைச்சுடணும். ஆயிலுக்கு மூடி வழியா வெளியே வர்றதைத் தவிர வேற போக்கிடமே இருக்கக் கூடாது. ஃபில்டர்ல வடிகட்டினதும், கிராங்க் கேஸோட மெயின் ஆயில் பாதையிலயே ஒரு ஓட்டை போட்டு, மரை வெட்டி, அங்க உள்ளே விடணும். பம்ப்புக்கு இடது பக்கம் அந்தப் பாதையோட முனையை அடைச்சு வெச்ச ஒரு அடைப்பான் இருக்கு. அதைத்தான் ட்ரில் பண்ணணும்.

அண்ணன் ரெண்டாவது வழினு முடிவு பண்ணினார். அங்கதான் மெக்கானிக் அண்ணனுக்கும் அவருக்கும் முட்டிக்கிச்சு.

"தம்பி, டேப்ல கிரீஸைத் தடவிக்கிட்டுப் போட்டா துருவல் எல்லாம் அதுலயே ஒட்டிக்கும். பத்து நிமிஷ வேலை. இதுக்குப் போயி இன்ஜினை ரெண்டா பொளக்கணுமா?"

"ஒட்டாத ஒரே ஒரு துருவல் எங்க போகும்ண்ணே?"

"அதான் ஃபில்டர் மாட்டுறோமே, அது பிடிச்சுக்காதா?"

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க மக்களே. மெக்கானிக் அண்ணன் சொல்றது நியாயமாத்தானே தெரியுது? எனக்கும் தெரிஞ்சது. ஆனா அந்த ஓட்டை எங்க இருக்கு? ஃபில்டருக்கு அப்புறம்! வடிகட்டின ஆயில் இன்ஜினுக்குள்ள நுழையுற வாசல் அது. அங்க விழுந்த துருவல் முதல்ல ஆயில் கூலரு, பேரிங்குனு ஊர் சுத்திட்டு, சம்ப்புல விழுந்து, பம்ப் உறிஞ்சி, அதுக்கப்புறம்தான் ஃபில்டரைப் பார்க்கும். திருடன் வீட்டை முழுசா அலசிட்டு வாசலுக்கு வந்தப்புறம் வாட்ச்மேன் பிடிக்கிற மாதிரி. ஆக, பேரிங்கைக் காப்பாத்தப் போட்ட ஓட்டையே பேரிங்கைத் தின்னுடும்.

இன்ஜினைப் பொளந்தாங்க. ஒரு மாசம் கூடுதலா ஆச்சு. ரெண்டு பாதியையும் தனித்தனியா வெச்சு ட்ரில் பண்ணி, மரை வெட்டி, ஒவ்வொரு ஆயில் பாதையையும் பிரஷ் விட்டுக் கழுவி, காத்தடிச்சு, வெள்ளைத் துணியில துடைச்சு, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப... பக்கத்துல நின்னு பார்த்த எனக்கே கை வலிச்சது. என்னைக் கேட்டா இதுதான் சரி. பொளக்க மனசில்லைன்னா முதல் வழியில போங்க. நடுவுல 'கிரீஸ் தடவி பத்து நிமிஷம்'னு ஒரு வழி இருக்குறதாவே நான் நம்பலை.

இன்னொரு விஷயம். பீட்டில் கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை. லேப்ல மெக்னீசியம் ரிப்பனைக் கொளுத்தினா கண்ணைக் கூசுற வெள்ளை வெளிச்சம் வருமே, ஞாபகம் இருக்கா? அதே ஆசாமிதான். துருவலா இருந்தா ஒரு பொறியே போதும். தண்ணி ஊத்தினா அணையாது, இன்னும் மூர்க்கமா எரியும். காய்ஞ்ச மணலை ஒரு வாளியில பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் ட்ரில்லைத் தொட்டாங்க. அன்னிக்கு ஷெட்டுல பீடிக்குத் தடை!

அடுத்த வில்லன் மரை. அமெரிக்காவுல இருந்து வர்ற ஃபிட்டிங் எல்லாம் என்.பி.டி. மரை. முக்கால்வாசி வண்டியில 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 18 மரை. நம்ம ஊரு ஹார்டுவேர் கடையில கிடைக்கிறது பி.எஸ்.பி. அதே 3/8 அங்குலத்துல 19 மரை. கையில வெச்சுப் பார்த்தா ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ரெண்டு சுத்து ஜோரா ஏறும். மூணாவது சுத்துல 'கொஞ்சம் டைட்டா இருக்கே'னு ஸ்பானரைப் போட்டு அழுத்தினா, கேஸோட மரை காலி. மெக்னீசியம் கேஸ் புதுசா வாங்கணும்னா சொத்துல பங்கு கேட்கணும். போதாக்குறைக்கு என்.பி.டி. கூம்பு மாதிரி சரிஞ்சு போற மரை. டேப்பை ஆழமா விட்டுட்டா ஃபிட்டிங் உள்ளே போய்க்கிட்டே இருக்கும், ஆயில் வழியையே மறைச்சுடும். கொஞ்சம் வெட்டு, ஃபிட்டிங்கை வெச்சுப் பாரு, மறுபடி கொஞ்சம் வெட்டு. இந்தப் பொறுமை இருந்தா நான் அரியரே வெச்சிருக்க மாட்டேன்.

ஃபில்டர் டப்பாவுலயும் இதே கூத்து உண்டு. ரிமோட் ஃபில்டரோட தலைப்பாகம் பெரும்பாலும் 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. அதாவது 19.05 மில்லிமீட்டர். நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிற பல ஃபில்டர்ல மரை 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். இந்த டப்பாவை அந்தத் தலையில திருகினா, ஏறும்! ரப்பரும் போய் உட்காரும். 'ஆஹா, செட் ஆயிடுச்சுடா'னு தோணும். ஆனா பிடிப்பு மரையோட நுனியில மட்டும்தான். பிரஷர் ஏறுறப்போ ஒருநாள் டப்பா தெறிச்சு விழும், இருக்குற ஆயில் எல்லாம் சில நொடியில ரோட்டுல. பின்னாடி சூடான சைலன்சர் வேற. அதனால 'அளவு ஒத்துப்போகுது'ங்கிற பேச்சை நம்பாதீங்க. மரையோட நம்பரைப் பார்த்து வாங்குங்க.

எங்க மாட்டுறது? டிக்கிக்குள்ளயே மாட்டினா அழகாத்தான் இருக்கும். ஆனா காத்தால குளிர்ற இன்ஜின் இது. இன்ஜினைச் சுத்தி ஒரு தகடும் ரப்பர் பட்டையும் இருக்கும். மேலே குளிர்காத்து, கீழே வெந்த காத்து, ரெண்டும் கலக்கவே கூடாது. ஹோஸ் நுழைய அந்தத் தகட்டுல இஷ்டத்துக்கு ஓட்டை போட்டா, கீழ இருக்குற சூடு மேல ஏறி, ஃபேன் அதையே உறிஞ்சி இன்ஜின் மேல ஊதும். ஆயிலைக் காப்பாத்தப் போய் இன்ஜினை வறுத்தெடுத்த கதை ஆயிடும். அண்ணன் பின்பக்க இடது மட்கார்டுக்கு உள்ளே, டயர் வாரி அடிக்கிற கல்லு படாத மூலையில, ஒரு தடிமனான பிராக்கெட் அடிச்சு மாட்டினார். டப்பா கீழ்நோக்கித் தொங்குது, வாய் மேலே. கழட்டுறப்போ ஆயில் முழங்கை வரைக்கும் வழியாது. வண்டி நிக்கும்போதும் டப்பா நிறைஞ்சே இருக்கும்.

ஃபில்டர் பாடியில இருக்கு. இன்ஜின் அதும்பாட்டுக்கு அதோட ரப்பர் மவுண்டுல ஆடுது. அதனால ஹோஸ் விறைப்பா இருந்தா ஃபிட்டிங் மேல ஆட்டம் இறங்கும், மெக்னீசியத்துல விரிசல் விழும். கொஞ்சம் தொய்வு விட்டு, எங்கேயும் உரசாம, சைலன்சர் பக்கம் போற இடத்துல சூடு தாங்குற உறை போட்டுக் கொண்டுபோகணும்.

என்ன ஹோஸ்? பெட்ரோல் ஹோஸ், தோட்டத்து ஹோஸ் எல்லாம் பக்கத்துலயே வரக் கூடாது. ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குறதும் வேண்டாம். ஜே.சி.பி.-க்கு ஹோஸ் அடிச்சுக் கொடுக்கிற ஹைட்ராலிக் கடை ஊருக்கு ஊர் இருக்கு. உள்ளே கம்பி வலை வெச்ச ஹோஸை அளந்து வெட்டி, ஃபிட்டிங்கை மெஷின்ல நசுக்கிக் கொடுப்பாங்க. பிரஷர் பத்திக் கவலையே இல்ல, நம்ம இன்ஜின் பிரஷர் எல்லாம் அதுக்குக் கொசுக்கடி. ஆனா சூட்டைக் கேட்டு வாங்கணும். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான். மே மாசம் மருதமலை ரோட்டுல முறுக்கினா ஆயில் அதைத் தாண்டிடும்.

உள்விட்டம் அரை அங்குலம். இங்கதான் என் வாழ்க்கையில முதல் தடவையா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் உதவிச்சு. ஹேகன் - பாய்சூயி சமன்பாடு ஞாபகம் இருக்கா? குழாய்ல ஏற்படுற பிரஷர் இழப்பு, விட்டத்தோட நாலாம் அடுக்குக்குத் தலைகீழ். அரை அங்குலத்துக்குப் பதிலா 'கிடைச்சதே'னு 3/8 அங்குல ஹோஸ் போட்டா, நாலுல மூணு பங்குதான் விட்டம். ஆனா இழப்பு மூணு மடங்குக்கு மேல! காலையில குளிர்ந்து போயி தேன் மாதிரி நிக்கிற ஆயில் அந்தச் சின்னக் குழாய்ல போகணும். பேரிங் அங்க தாகத்துல கிடக்கும். எங்க சார் இதை இந்த மாதிரி நடத்தியிருந்தா நான் முதல் பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பேன்.

எல்லாம் மாட்டியாச்சு. ஃபில்டர்ல ஆயிலை நிரப்பி மாட்டியாச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஷெட்டுல ஏழெட்டு பேர். அண்ணன் ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டினார், காயில் ஒயரையும் பிடுங்கினார். இன்ஜின் சுத்தும், ஆனா ஓடாது. முதல்ல ஆயில் பிரஷர் ஏறணும், அப்புறம்தான் நெருப்பு. சாவியைத் திருப்பினார். 'கிர்ர்ர்ர்ர்'... பத்து நொடி. பிரஷர் மீட்டர் முள் அசையலை. கொஞ்சம் ஆற விட்டு இன்னொரு தடவை. ம்ஹும். மூணாவது தடவை. சிவப்பு விளக்கு எங்களை முறைச்சுக்கிட்டே இருக்கு.

"காத்து அடைச்சிருக்கும் தம்பி. பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு உறுமு உறுமினா தானா ஏறிடும்"னார் மெக்கானிக் அண்ணன். கூட்டமும் 'ஆமாண்ணே, போடுங்கண்ணே'ன்னு ஏத்தி விட்டுச்சு. எல்லாருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கணும், வீட்டுக்குப் போகணும்.

அண்ணன் சாவியைப் பிடுங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டார். இன்ஜினுக்குத் திரும்பி வர்ற ஹோஸை லேசா தளர்த்திட்டு, "இப்ப சுத்துடா"ன்னு என்கிட்ட சாவியைக் கொடுத்தார். சுத்தினேன். ஒரு சொட்டு வரலை. அதை இறுக்கிட்டு, பம்ப்புல இருந்து ஃபில்டருக்குப் போற ஹோஸைத் தளர்த்தினார். சுத்தினேன். சுளீர்னு ஆயில் அடிச்சுது, அவர் சட்டையெல்லாம் அபிஷேகம்! ஆக, பம்ப் உயிரோட இருக்கு. ஃபில்டர்ல போய் ஆயில் மாட்டிக்கிட்டு நிக்குது.

ஃபில்டர் டப்பாவைக் கவுத்துப் பாருங்க. நடுவுல மரை வெச்ச பெரிய ஓட்டை, சுத்தி வட்டமா குட்டி ஓட்டைங்க. அழுக்கு ஆயில் குட்டி ஓட்டை வழியா உள்ளே போய், காகிதத்துல வடிஞ்சு, நடு ஓட்டை வழியா வெளியே வரணும். குட்டி ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் இதழ் இருக்கும். உள்ளே வர்ற ஆயிலுக்கு வழிவிடும், திரும்பிப் போக நினைச்சா மூடிக்கும். வண்டி நிக்கும்போது ஆயில் வடிஞ்சு போயிடாம இருக்குறதுக்காக வெச்சது. ஹோஸை மாத்தி மாட்டிட்டா என்ன ஆகும்? ஆயில் நடு ஓட்டையில நுழையும், வெளியே வரப் பார்க்கும், ரப்பர் இதழ் கதவைச் சாத்திடும். பூட்டின வீடு!

தலைப்பாகத்துல எது உள்வழி, எது வெளிவழினு எழுத்துப் பொறிச்சிருக்கணுமேனு தேடினா காணோம். ஒரு கடையில கொடுத்து 'லுக்கா இருக்கட்டும்'னு கறுப்புப் பெயின்ட் அடிச்சு வாங்கியிருந்தது. அவங்க அடிச்ச அடியில எழுத்து முழுகிப்போச்சு. பிளேடு வெச்சுச் சுரண்டினா... ஆமா, தலைகீழ்.

ஸ்டார்ட் பண்ணியிருந்தா? பேரிங் ஒரு சொட்டு ஆயில் இல்லாம ஆயிரம், ரெண்டாயிரம் சுத்து சுத்தியிருக்கும், ஒரு மாச உழைப்பு ஒரு நிமிஷத்துல தீஞ்சிருக்கும். இன்னொரு பக்கம், பீட்டில்ல பிரஷரைக் குறைக்கிற ரிலீஃப் வால்வு கிராங்க் கேஸுக்குள்ள இருக்கு. அதாவது நம்ம ஃபில்டருக்கு அப்புறம். பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவுல எவ்வளவு பிரஷர் ஏறினாலும் தட்டிக் கேட்க ஆள் இல்ல. டப்பா வெடிச்சிருக்கும், இல்லைன்னா ரப்பர் பிதுங்கி ஆயில் பீறிட்டிருக்கும். ஒழுங்கா மாட்டின வண்டியிலகூட, குளிர்ந்த இன்ஜினை எடுத்ததும் முறுக்கினா இதே ஆபத்து கொஞ்சம் உண்டு. அதனாலதான் ரிலீஃப் வால்வை மூடிக்குள்ளயே வெச்ச பம்ப் மூடி தனியா விக்குது. பெரிய பம்ப் போட்டவங்க அதைத் தேடி வாங்குங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் காலையில கிளம்புறவங்க ரெண்டு மடங்கு கவனம்.

ஹோஸை மாத்தி மாட்டினாங்க. ஏழாவது நொடியில முள் துள்ளி எழுந்துச்சு பாருங்க, விளக்கு பட்டுனு அணைஞ்சுது. விசில் சத்தத்துல பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துட்டாங்க. மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் சொல்லலை. பிளக் நாலையும் அவரே எடுத்து மாட்டினார்.

அந்தச் சிவப்பு விளக்கு பத்தி ஒரு வார்த்தை. பிரஷர் அரை பாருக்கும் கீழே போனாத்தான் அது எரியும். ஓட்டும்போது எரிஞ்சா 'அடுத்த பெட்ரோல் பங்க்ல பார்த்துக்கலாம்'ங்கிறதெல்லாம் கிடையாது. அங்கேயே ஓரம் கட்டணும். ஹோஸ் போட்ட வண்டிக்கு மீட்டரும் போடுறதுதான் நல்லது. சூடான இன்ஜின்ல 1000 சுத்துக்கு 10 பி.எஸ்.ஐ.-ங்கிறது பழைய மெக்கானிக்குங்க கைக்கணக்கு.

ஆயில் அளவும் மாறும். அரை அங்குலக் குழாய்ல ஒரு மீட்டருக்கு 127 மில்லி நிக்கும். ஹோஸ், டப்பா எல்லாம் சேர்த்து அரை லிட்டர் தாண்டும். இரண்டரை லிட்டர் இன்ஜினுக்கு இது பெரிய போனஸ். ஆனா மொத்தத்தையும் ஒரேயடியா ஊத்திடாதீங்க. ஓட விட்டு, நிறுத்தி, குச்சியைப் பார்த்து ஊத்துங்க. அப்புறம், ஃபில்டர் வந்துடுச்சுன்னு 10,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயிலை இழுக்காதீங்க. தூசைத்தான் அது பிடிக்கும். ஆயில் வெந்து கெட்டுப்போறதை எந்தக் காகிதமும் தடுக்காது.

வண்டியைத் தாத்தா கொடுத்த மாதிரியே அப்படியே வெச்சிருக்கீங்களா? எதையும் தொடாதீங்க, ப்ளீஸ். 5000-க்கு ஒரு தடவை ஆயிலை மாத்தி, வலையைக் கழுவுங்க, போதும். இன்னொரு காரணமும் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னே பதிவு விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.'னு எழுத்து வெச்ச தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா வண்டி அதோட அசல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாதுங்கறது நிபந்தனை. நம்ம அண்ணனோட 1641 அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அது அவருக்கும் தெரியும். அவர்கிட்ட பழைய 85.5 பிஸ்டன், பேரல், கார்புரேட்டர் எல்லாம் எண்ணெய்த் துணியில சுத்திப் பரண்ல பத்திரமா இருக்கு. கேஸ்ல போட்ட ஓட்டையைத்தான் திரும்ப எடுக்க முடியாது. திருகு போட்டு அடைக்கலாம், அவ்வளவுதான்.

போன வாரம் 500 கிலோமீட்டர் முடிஞ்சு முதல் ஃபில்டரைக் கழட்டினாங்க. தூக்கிப் போடலை. டப்பா வெட்டுற கட்டர் வெச்சு ஓரமா வெட்டினாங்க. (ஆக்சா பிளேடு போட்டா அதோட துருவலே உள்ளே விழுந்து, இன்ஜின்ல இருந்து வந்ததுன்னு பயமுறுத்தும்.) மடிப்பு மடிப்பா இருந்த காகிதத்தை விரிச்சு, செய்தித்தாள் மேல பரப்பி, காந்தத்தை மேலாக ஓட்டினார் அண்ணன். மை மாதிரி கொஞ்சம் இரும்புப் பொடி. புது இன்ஜின்ல அது வரும். சேமியா மாதிரி நாலஞ்சு சிலிக்கான் பேஸ்ட் இழை, ஒட்டினப்போ பிதுங்கினது. பேரிங் உலோகத்தோட சாம்பல் நிறச் செதில் இருக்கானு டார்ச் அடிச்சு ஒவ்வொரு மடிப்பாப் பார்த்தோம். இல்ல. மெக்கானிக் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இல்ல.

காகிதத்துல ஒரு துண்டை வெட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டு, தேதி, கிலோமீட்டர் எழுதி, டூல்ஸ் பெட்டியில வெச்சாச்சு. புது ஃபில்டர், புது ஆயில். அடுத்தது 5000-ல.